என்ன, யாரால், யாருக்கு: ஒரு மண்டலத்துக்கு மூன்று கேள்விகள்

பிரசின உபநிடதம் ஒரு வருகையோடு தொடங்குகிறது. பரம்பொருளைத் தேடிப் புறப்பட்ட ஆறு பேர், கையில் சமித்து ஏந்தி, பிப்பலாத முனிவரிடம் வந்து நிற்கிறார்கள். ஆளுக்கொரு கேள்வி வைத்திருக்கிறார்கள். முனிவரோ உடனே கேட்கச் சொல்லவில்லை. தவத்தோடும் சிரத்தையோடும் ஓராண்டு தன்னிடம் தங்கச் சொல்கிறார். அதன் பிறகு விரும்பியதைக் கேட்கலாம், தனக்குத் தெரிந்திருந்தால் சொல்வதாக வாக்குக் கொடுக்கிறார்.

அந்த ஓராண்டு எனக்கு முதலில் குருவின் கண்டிப்பாகத்தான் பட்டது. நானே சில கேள்விகளோடு நெடுநாள் திண்டாடிய பிறகுதான் அதன் நியாயம் விளங்கியது. வந்த அன்றே கேட்டிருந்தால் அவர்களுக்குத் தகவல் கிடைத்திருக்கும். கேள்வியோடு உண்டு, உறங்கி, வேலை செய்து, நான்கு பருவங்களைக் கடந்தவனுக்கு அதே பதில் பசித்த வயிற்றில் விழுந்த சோறு.

அந்த ஆறு கேள்விகளின் வரிசையிலும் ஒரு பாடம் இருக்கிறது. உயிர்கள் எங்கிருந்து பிறந்தன என்று வெளியே தொடங்குகிறது. பிராணன், உறக்கம், ஓங்காரம் என்று உள்ளே நகர்கிறது. பதினாறு கலைகள் உடைய புருஷன் எங்கே என்ற கேள்வியில் முடிகிறது. இந்த உடலுக்குள்ளேயே என்கிறார் பிப்பலாதர்.

இந்த அத்தியாயமும் அதே வழியில்தான் போகிறது. ஒரு மண்டலம், அதாவது 48 நாள். 16 நாளுக்கு ஒரு கேள்வி. என்ன நடந்தது? யாரால் நடந்தது? யாருக்கு நடந்தது? முதல் கேள்வியின் பயிற்சி ஸ்பெயினில் ஒரு போர்வீரனின் நோய்ப்படுக்கையில் முளைத்தது. இரண்டாவதை ஜப்பானிய வணிகர் ஒருவர் வடிவமைத்தார். மூன்றாவது திருவண்ணாமலைக் குகையில் தமிழிலேயே கேட்கப்பட்டது. எந்தச் சமயத்தவரும், சமயம் வேண்டாம் என்பவரும் இவற்றைச் செய்யலாம்.

ஏன் இந்த வரிசை?

ஆன்மிகத் தேடலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கேள்வியில் தொடங்கிவிடுகிறார்கள். 'நான் யார்?' என்று முதல் நாளே கேட்டால் மனம் எங்கேயோ படித்த பதிலை எடுத்து நீட்டும். 'நான் ஆத்மா.' சொல் சரியானதுதான். ஆனால் அடுத்த அறையில் பிள்ளை தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்ததும் அந்த ஆத்மா கத்தத் தொடங்கிவிடும். எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. இரவல் பதில் நம்மை எதிலிருந்தும் காப்பாற்றாது.

இன்னொரு பக்கம், கேள்வி போலத் தோன்றும் புலம்பல்கள் உண்டு. 'எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது?' 'இவர்கள் எப்போது திருந்துவார்கள்?' இவற்றின் முடிவில் கேள்விக்குறி இருக்கிறது, தேடல் இல்லை. தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுச் சாட்சியைக் கூப்பிடுவது போன்றது இது.

ஒரு கேள்வி உங்களை உள்ளே அழைத்துப்போகுமா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும்.

ஒன்று, அதற்கான பதில் இன்றைய நாளிலிருந்து கிடைக்க வேண்டும். நேரம், இடம், ஆள், சொன்ன சொல் என்று சுட்டிக்காட்டும்படி இருக்க வேண்டும்.

இரண்டு, பதில் என்னவாக இருக்கும் என்று கேட்கும்போதே தெரிந்திருக்கக் கூடாது.

மூன்று, கேட்டு முடித்ததும் பார்வை பிறர் மேல் நிற்காமல் உங்கள் மேல் திரும்பியிருக்க வேண்டும்.

'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளை இந்த 48 நாளும் தள்ளி வையுங்கள். ஏன் கோபப்பட்டேன் என்று கேட்டால் மனம் வழக்கறிஞராகி நியாயங்களை அடுக்கும். எப்போது கோபம் வந்தது, அதற்குச் சற்று முன் காதில் விழுந்த சொல் எது, உடம்பில் எங்கே சூடேறியது என்று கேட்டால் அது சாட்சியாகி உள்ளதைச் சொல்லும்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டு, ஒரு பேனா. கைப்பேசியில் எழுத வேண்டாம். அதைத் திறந்தால் வேறு பத்துப் பேர் உள்ளே வந்துவிடுவார்கள்.

இரவு 20 நிமிடம். சாப்பிட்டு, பாத்திரம் ஒதுங்கி, வீடு அடங்கிய பிறகு. தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம் வரை தள்ளிப்போடாதீர்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள் வேலை முடிந்து வந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம். நேரம் எதுவானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

பூஜை அறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மொட்டை மாடிப் படிக்கட்டு போதும். தனியறைக்கு வழியில்லாத வீட்டில், அடுப்பங்கரை மேடை ஓரத்தில் நின்றபடி எழுதிய நாட்கள் எனக்கு உண்டு.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து எழுத முயலாதீர்கள். விட்ட நாளின் தேதியை மட்டும் எழுதி, கீழே வெற்றிடம் விட்டுத் தொடருங்கள். அந்த வெற்றிடமும் பிறகு உங்களோடு பேசும்.

நோட்டை யாருக்கும் காட்டக் கூடாது. ஒருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் கை தானாகவே அழகாக எழுதும். நமக்கு வேண்டியது உள்ளது உள்ளபடி.

முதல் 16 நாள்: என்ன நடந்தது?

1521 மே மாதம் பாம்ப்லோனா கோட்டையில் நடந்த சண்டையில் ஒரு பீரங்கிக் குண்டு இஞ்ஞாசியார் என்ற போர்வீரரின் காலை முறித்தது. லொயோலாவில் இருந்த குடும்ப மாளிகைக்குத் தூக்கிவந்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை. பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான் கிடைத்தன.

அவர் மாறி மாறி இரண்டு விதமான கனவுகளில் ஆழ்ந்தார். ஒரு பொழுது, உயர்குலப் பெண் ஒருத்திக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்கள். மறுபொழுது, புனிதர்களைப் போல வெறுங்காலோடு யாத்திரை போவது. கனவு காணும்போது இரண்டும் இனித்தன. முடிந்த பிறகுதான் வேறுபாடு. முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பிறகும் நிறைவு தங்கியது. அவர் இதைக் கவனித்தார். பின்னாளில் இயேசு சபையை நிறுவியவரின் ஆன்மிக வாழ்வு முழுக்க இந்தச் சிறு கவனிப்பிலிருந்து கிளைத்தது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் அந்தச் சபையின் துறவி. சென்னையில் 1925இல் தொடங்கிய லயோலா கல்லூரியின் பெயரும் அந்த மாளிகையின் பெயர்தான்.

திருத்தந்தையின் ஒப்புதலோடு 1548இல் வெளியான அவரது 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் உண்டு: நன்றி சொல்வது, குறைகளைக் காண அருள் கேட்பது, எழுந்தது முதல் மணிவாரியாக நாளைப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருத்திக்கொள்ள முடிவெடுப்பது. குறைக்கு முன்னால் நன்றி வருவதைப் பாருங்கள். பெற்றதை எண்ணிய மனம்தான் தன் தவற்றை மறைக்காமல் பார்க்கும். பயந்த மனம் ஒளித்துவைக்கும்.

நமது முதல் 16 நாளுக்கு இதை இப்படி எளிமையாக்கிக்கொள்ளலாம்.

1. இரண்டு நிமிடம் கண்மூடி அமருங்கள். இன்று கிடைத்தவற்றில் மூன்றை எழுதுங்கள். 'நல்ல உடல்நலம்' என்று பொதுவாக எழுதக் கூடாது. 'மதியம் மின்சாரம் வந்தது, விசிறிக் காற்றில் கால் மணி நேரம் படுத்தேன்' என்று எழுத வேண்டும்.

2. எழுந்தது முதல் இந்த நொடி வரை நாளை ஓட்டிப் பாருங்கள். காலை, முற்பகல், மதியம், மாலை, இரவு. அவசரம் வேண்டாம்.

3. மனம் வறண்ட இடம் ஒன்று, நிறைந்த இடம் ஒன்று. இரண்டையும் எழுதுங்கள். நடந்தபோது எப்படி இருந்தது என்பதோடு நிறுத்தாமல், நடந்து முடிந்த பிறகு எது தங்கியது என்றும் எழுதுங்கள். இஞ்ஞாசியார் கண்டுபிடித்தது அதைத்தான்.

4. நாளைக்கு ஒரே ஒரு சிறு மாற்றம். ஒரு வரி.

என் நோட்டிலிருந்து ஒரு நாள்: 'வறண்டது: சாப்பாட்டு வேளையில் ஒருவரைப் பற்றி எல்லோரும் சிரித்தோம். அவர் நடக்கும் விதத்தை நான்தான் நடித்துக் காட்டினேன். சிரிப்பு ஓய்ந்ததும் வாயில் கசப்பு. நிறைந்தது: வழியில் ஒரு முதியவரின் மூட்டையைப் பேருந்தில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் வீடு வரை மனம் லேசாக இருந்தது.' பாராட்டு வந்த இடத்தில் வறட்சியும் பாராட்டே வராத இடத்தில் நிறைவும் இருப்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். எந்த உபதேசமும் எனக்கு அதை அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அதற்கும் இஞ்ஞாசியார் ஒரு வழி தந்திருக்கிறார். அந்தக் குறை தலைகாட்டிய கணமே கையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமலே செய்துவிடலாம். மதியமும் இரவும் எத்தனை முறை என்று எண்ணி, அத்தனை புள்ளிகளை ஒரு கோட்டில் வைக்க வேண்டும். இன்றைய கோட்டை நேற்றைய கோட்டோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். முதல் சில நாள் புள்ளிகள் கூடுவது போலத் தெரிந்தால் பதறாதீர்கள். முன்பு கண்ணில் படாமல் போனவை இப்போது படத் தொடங்கியிருக்கலாம்.

அடுத்த 16 நாள்: யாரால் நடந்தது?

முதல் 16 நாளின் முடிவில் நோட்டைப் புரட்டினால் ஒன்று உறுத்தும். பக்கத்துக்குப் பக்கம் 'நான்' நிற்கும். நான் வருந்தினேன், நான் உதவினேன், நான் பொறுத்துப்போனேன். நடந்தவை எல்லாம் தன்னைச் சுற்றி மட்டுமே நடந்ததாக மனம் கதை கட்டியிருக்கும். அந்தக் கதையை அவிழ்க்கத்தான் இரண்டாம் கேள்வி.

ஜப்பானில் யோஷிமோட்டோ இஷின் (1916–1988) என்ற வணிகர் இருந்தார். ஜோதோ ஷின்ஷூ பௌத்த மரபைச் சேர்ந்தவர். அந்த மரபின் ஒரு பிரிவில் 'மிஷிராபே' என்ற கடும் பயிற்சி இருந்தது. உணவு, நீர், உறக்கம் மூன்றையும் விட்டுத் தன் வாழ்வை ஆராய்வது. அவர் அதில் பலமுறை முயன்று தேறியவர். தனக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் பட்டினியையும் விழிப்பையும் நீக்கி, சமய அடையாளங்களையும் தளர்த்தி, 'நைகான்' என்ற முறையை உருவாக்கினார். அந்தச் சொல்லுக்கு உள்நோக்கு என்று பொருள். நாரா பகுதியில் உள்ள யமாட்டோ கோரியாமாவில் அவர் நடத்திய பயிற்சி இல்லத்துக்கு மக்கள் வந்தார்கள். 1950களில் சிறைச்சாலைகளுக்கும் அந்தப் பயிற்சி போனது.

முழுப் பயிற்சி ஒரு வாரம். அறையின் மூலையில் மடக்குத் திரைக்குப் பின்னால் விடியற்காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தாயிடம் தொடங்குவார்கள். குழந்தைப் பருவம், பள்ளிக்கூடத்தின் முதல் ஆண்டுகள் என்று சில ஆண்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

இவரிடமிருந்து நான் பெற்றது என்ன?
இவருக்கு நான் திருப்பிக் கொடுத்தது என்ன?
இவருக்கு நான் தந்த தொல்லை என்ன?

ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வழிகாட்டி வந்து திரைக்கு முன் தலைவணங்கி, கண்டது என்ன என்று கேட்பார். அறிவுரை சொல்ல மாட்டார். கேட்டுக்கொண்டு வணங்கிவிட்டுப் போவார்.

நான்காவதாக நாம் எதிர்பார்க்கும் கேள்வி ஒன்று இதில் இல்லை: இவர் எனக்குத் தந்த தொல்லை என்ன? அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை நாம் ஒவ்வொரு நாளும் பிசகாமல் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

வீட்டில் செய்யும் முறை இது.

முதல் 8 நாள், ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவாக இருக்கலாம். வளர்த்த அத்தையோ தாத்தாவோ ஆகலாம். முதல் நாள் உங்கள் நினைவு எட்டும் தொலைவில் உள்ள மிகச் சிறு வயது. அடுத்தடுத்த நாள் சில ஆண்டுகள் முன்னே நகருங்கள். 20 நிமிடத்தில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் நாலு நாலு நிமிடம். மீதி 12 நிமிடம் மூன்றாவது கேள்விக்கு. அதில்தான் மனம் நழுவும், அதனால்தான் அதற்கு அதிக நேரம்.

பின் 8 நாள், அன்றன்றைய நாளையே எடுத்துக்கொண்டு அதே மூன்று கேள்விகள். இன்று யார் யாரால் என் நாள் நடந்தது? ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் போட்டவர், தெருக் குழாயில் தண்ணீர் திறந்துவிட்டவர், பேருந்து ஓட்டுநர், இட்லிக்கு மாவாட்டியவர், அலுவலகத்தில் கழிப்பறையைக் கழுவியவர். பெயர் தெரியாவிட்டால் 'பெயர் தெரியவில்லை' என்றே எழுதுங்கள்.

'அம்மா அன்பாக இருந்தாள்' என்று எழுதினால் அது பதிலாகாது. என் நோட்டில் இருந்த ஒரு வரி: 'ஒன்பது வயது. மஞ்சள் காமாலை. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வயல் வரப்பு வழியாக வைத்தியர் வீட்டுக்கு நடந்தாள். கால் தரையில் இடித்தது நினைவிருக்கிறது. அவ்வளவு பெரிய பிள்ளையைத் தூக்கினாள்.' இரண்டாம் கேள்விக்கு அந்த வயதில் ஒன்றுமே எழுத முடியவில்லை. மூன்றாம் கேள்விக்கு: 'கசப்பு மருந்தை அவள் மேல் துப்பினேன்.' முப்பது ஆண்டாக என் மனதில் அந்த வருடத்தின் பெயர் 'நான் நோயில் கிடந்த வருடம்.' அன்று இரவுதான் அது அவள் என்னைச் சுமந்த வருடமாக மாறியது. நிகழ்ச்சி ஒன்றுதான். நிற்கும் இடம் மாறியது.

இந்தப் பகுதியின் கடைசி நாளுக்கு, அதாவது 32ஆம் நாளுக்கு, ஒரு தனிப் பயிற்சி. கேன உபநிடதத்தின் பெயரே அதன் முதல் சொல்லிலிருந்து வந்தது. 'கேன' என்றால் 'யாரால்.' மனம் யாரால் ஏவப்பட்டு ஓடுகிறது, கண்ணையும் காதையும் இயக்குவது எது என்று அது கேட்கிறது. அன்று நோட்டை மூடிவிட்டு மூச்சை மட்டும் பாருங்கள். பால்காரரையும் அம்மாவையும் எண்ணியாயிற்று. இந்த மூச்சு யாரால்? நீங்கள் உறங்கும்போதும் இதை நடத்துவது எது? பதில் எழுத வேண்டாம். கேள்வியை மட்டும் எழுதிவிட்டுப் படுங்கள்.

கடைசி 16 நாள்: யாருக்கு நடந்தது?

1896 ஜூலையில் மதுரையில், மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே இருந்த சித்தப்பா வீட்டில், 16 வயது வேங்கடராமனை மரண பயம் திடீரெனப் பிடித்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பையன் மருத்துவரைத் தேடி ஓடவில்லை. தரையில் பிணம்போல் கை கால் நீட்டிப் படுத்தான். மூச்சை அடக்கினான். செத்துப்போவது எது, உடம்பு போனால் நானும் போகிறேனா என்று உள்ளே நேராகப் பார்த்தான். அந்தச் சில நிமிடங்களோடு பயம் போயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்தவர், 1950 ஏப்ரல் 14 வரை அந்த மலையை விட்டு நீங்கவில்லை. அவரை ரமண மகரிஷி என்று உலகம் அறிகிறது.

1901, 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை அவரைப் பார்க்க வந்தார். தத்துவம் படித்தவர், வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். மகரிஷி அப்போது விருபாட்ச குகையில் பேசாமல் இருந்தார். பிள்ளை கேட்டார், மகரிஷி மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி பதில்தான் 1923இல் அச்சான 'நான் யார்?' என்ற சிறு நூல். பல மொழிகளில் இன்று படிக்கப்படும் அந்த நூலின் மூலம் தமிழ். பெரிய மேடை இல்லை, சபை இல்லை. ஓர் அலுவலரின் உண்மையான சந்தேகமும் குகை மணலில் விரல் எழுதிய பதிலும்தான்.

அவர் காட்டிய வழியின் சாரம் இது. ஓர் எண்ணம் எழுந்தால் அதைத் தொடர்ந்து ஓடாதே. இது யாருக்கு எழுந்தது என்று கேள். எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று பார். கவனம் எண்ணத்தை விட்டு, எண்ணம் முளைக்கும் இடத்துக்குத் திரும்பும். அடுத்த எண்ணம் வந்தால் மறுபடியும் அதே கேள்வி.

இங்கே பலர் தவறும் இடங்கள் இரண்டு. இதை மந்திரம் போல உருப்போடுகிறார்கள். இது உருப்போட அல்ல, திரும்பிப் பார்க்க. அடுத்து, சொல்லாக ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். பிணத்தைச் சுடும்போது தீயைக் கிளறிவிடும் தடி கடைசியில் தானும் எரிந்துபோவது போல, இந்தக் கேள்வி மற்ற எண்ணங்களை அழித்துவிட்டுத் தானும் அழியும் என்பது மகரிஷி தந்த உவமை. மிஞ்சுவது அமைதி. அதை வாக்கியமாக்கி நோட்டில் ஒட்ட முடியாது.

முதல் 32 நாளின் உழைப்பு இங்கேதான் கைகொடுக்கும். 'யாருக்கு?' என்ற கேள்விக்கு வெறும் வெளியில் பிடிமானம் இல்லை. உயிருள்ள ஓர் எண்ணத்தின் மேல்தான் அது நிற்கும். உங்களிடம் இப்போது அப்படிப்பட்ட எண்ணங்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன.

செய்முறை:

1. பழைய பக்கம் ஒன்றைத் திறந்து, இன்னமும் சுடும் ஒரு வரியை எடுங்கள். 'அவர் என்னை எல்லோர் முன்னும் மட்டம் தட்டினார்' என்று இருக்கட்டும்.

2. முதுகு நேராக அமர்ந்து பத்து மூச்சு கவனியுங்கள். மூச்சு அடங்க மனமும் அடங்கும்.

3. அந்த வரியை மனதில் ஒருமுறை சொல்லுங்கள். வலி எழும். 'இந்த வலி யாருக்கு?' எனக்கு. எந்த எனக்கு? இந்த உடம்புக்கா? என் பதவிக்கா? என்னைப் பற்றி நான் வைத்திருக்கும் படத்துக்கா? ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு நகருங்கள். இந்த அலசல் முதல் ஏழெட்டு நாளுக்கு மட்டும்.

4. அதன் பிறகு அலசலை விட்டுவிடுங்கள். 'யாருக்கு?' என்ற ஒரே சொல். கேட்டதும் வரும் சின்ன நிசப்தத்தில் இருங்கள். அது இரண்டு நொடியாக இருக்கலாம். போதும்.

5. எழுந்ததும் நோட்டில் தேதியும் ஒரே ஒரு வரியும். எழுத ஒன்றும் இல்லையென்றால் தேதி மட்டும்.

பகலிலும் இதைக் கொண்டுபோகலாம். சிக்னலில் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கும்போது எழும் எரிச்சல் யாருக்கு? பாராட்டிய பின் எழும் குளிர்ச்சி யாருக்கு? வலியிடம் கேட்பதை விட இன்பத்திடம் கேட்பது கடினம். அதனால்தான் அதையும் கேட்க வேண்டும்.

வழியில் வரும் தடைகள்

ஒன்றும் தோன்றவில்லை என்பது முதல் தடை. அந்த நாட்களில் நேரத்தைச் சுருக்காமல் 20 நிமிடமும் அமர்ந்திருங்கள். 'ஒன்றும் தோன்றவில்லை' என்று எழுதுங்கள். அடிக்கடி நான் அதை எழுதிய மறு நிமிடமே ஏதோ ஒன்று தோன்றியிருக்கிறது.

அழுகை வந்தால் நிறுத்த வேண்டாம், வளர்க்கவும் வேண்டாம். இரண்டாம் பகுதியில் இது இயல்பு. மறுநாள் அந்த ஆளுக்கு ஒரு போன் செய்யுங்கள். அவர் இல்லையென்றால் அவர் பெயரில் பசித்த ஒருவருக்கு ஒரு வேளைச் சோறு போடுங்கள்.

குற்ற உணர்வில் மூழ்குவது அடுத்த தடை. 'நான் எவ்வளவு மோசமானவன்' என்று ஆறு பக்கம் எழுதினால் அதிலும் 'நான்'தான் பெருத்திருக்கும். கேள்வி கேட்டது என்ன செய்தாய் என்று. செய்ததை மட்டும் எழுதுங்கள்.

தேறிவிட்டோம் என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் நுட்பமான தடை. வீட்டில் மற்றவர்களுக்கு இந்தக் கேள்விகளை எடுத்து உபதேசிக்கத் தொடங்கினால் அது வந்துவிட்டது என்று பொருள். மனைவியிடம் 'இந்தக் கோபம் யாருக்கு?' என்று ஒருபோதும் கேட்காதீர்கள். இந்தக் கேள்விகள் ஒவ்வொருவரும் தன்னிடம் மட்டும் கேட்க வேண்டியவை.

எங்கே நிறுத்த வேண்டும்

இதை முழு மனதோடு சொல்கிறேன். உங்களை அடித்தவரையோ, சிறுவயதில் உங்களிடம் தகாதபடி நடந்தவரையோ இரண்டாம் பகுதிக்கு எடுக்கவே கூடாது. அவருக்கு நீங்கள் தந்த தொல்லை என்ன என்று தேடுவது காயத்தைக் கிளறும். அதற்குப் பயிற்சி பெற்றவரின் துணை வேண்டும். அண்மையில் துக்கம் நேர்ந்திருந்தால் சில மாதம் பொறுங்கள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் சுற்றி வந்தால் நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416 நாள் முழுதும் கிடைக்கும். உதவி கேட்பதால் தேடல் தோற்பதில்லை. உயிர் இருந்தால்தான் தேடல்.

48ஆம் நாள்

அன்று புதிதாக எதுவும் எழுத வேண்டாம். நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். மூன்று நிற மையில் மூன்றைக் குறியுங்கள்: மீண்டும் மீண்டும் வறண்ட இடம், மீண்டும் மீண்டும் வந்த பெயர், மீண்டும் மீண்டும் சுட்ட வரி. உங்கள் அடுத்த மண்டலத்துக்கான கேள்வி இந்த மூன்றுக்குள் எங்கோ இருக்கும். அதை உங்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் புத்தகத்தின் கேள்விகளை அப்போது விட்டுவிடலாம்.

அப்படி நான் எழுதிய கேள்வி மிகச் சிறியது: 'யாரும் பார்க்காதபோது நான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்?' அதைச் சுமக்கத் தொடங்கி இரண்டு ஆண்டாகிறது. இன்னும் பதில் வரவில்லை. ஆனால் தனிமையில் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பொய்கள் குறைந்திருக்கின்றன.

பிப்பலாதரிடம் வந்த ஆறு பேரும் சமித்து ஏந்தி வந்தார்கள் என்று தொடக்கத்தில் சொன்னேன். குருவின் வேள்வித் தீயில் இடுவதற்கான சுள்ளி அது. கேள்வியையும் அப்படித்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் நோட்டில் ஒவ்வொரு இரவும் சேரும் அந்த நான்கைந்து வரிகளே உங்கள் சமித்து. இன்று இரவு முதல் சுள்ளியை ஒடியுங்கள்: இன்று என்ன நடந்தது?